வீட்டுக் கல்யாணக் குழு: தாம்பூலப் பையில என்ன வைக்கிறது?

அம்மா: அண்ணி, தம்பி, பத்திரிகை 400 போகுது. தாம்பூலத்தோட என்ன கொடுக்கறதுன்னு இன்னிக்கே முடிவு பண்ணிடலாம். எவர்சில்வர் டப்பாவா, பித்தளைச் சிமிழா, மரக்கன்னா?

சித்தப்பா: கன்னு நல்ல எண்ணம்தான் அண்ணி. ஆனா வெளியூர்க்காரங்க பஸ்ல தூக்கிட்டுப் போக முடியாது. மண்டபத்து மூலையில வாடிக் கிடக்கும்.

அத்தை: சிமிழ் எல்லார் வீட்லயும் நாலு இருக்கு. புளி போட்டுத் தேய்க்கலேன்னா கறுத்துப் போய் பரணுக்குப் போயிடும். வர்றவங்க வச்சுப் புழங்கப் போறது நல்ல துணிப்பைதான். காசை அதுல போடுங்க.

நான்: டப்பாவும் புழங்கலாமே அத்தை? காந்தம் ஒட்டலேன்னா நல்ல எவர்சில்வர்னு கடைக்காரர் சொன்னார்.

சித்தப்பா: அதை நம்பாதடா. 202ங்கற எவர்சில்வர் ரகத்துலயும் காந்தம் ஒட்டாது, அதைவிட ஒசத்தியான 304லயும் ஒட்டாது. மலிவு விலைக்குக் கிடைக்கறது பெரும்பாலும் 202. உப்பு, ஊறுகாய் போட்டு வச்சா புள்ளி புள்ளியா அரிக்கும். வாங்கினா 304னு பில்லுல எழுதி வாங்கணும், விலை ஏறிடும்.

அக்கா: அத்தை, கடையில ஒரு பை காட்டினாங்க. துணி மாதிரியே இருக்கு, விலையும் கம்மி.

அத்தை: அது நான்-ஓவன்டி, நெய்யாத துணி. பாலிப்ரொப்பிலீன், பிளாஸ்டிக்தான். 2019 ஜனவரி 1லேர்ந்து தமிழ்நாட்டுல தடை. ஓரத்துல இழை பிரிச்சுப் பாரு. நெய்த துணின்னா நூல் நூலா வரும், அதுல வராது.

அம்மா: அப்ப எந்தத் துணி, என்ன அளவு அண்ணி?

அத்தை: கெட்டியான காடாத் துணி, 200 ஜிஎஸ்எம்முக்குக் குறையாம, அதாவது ஒரு சதுர மீட்டர் துணி 200 கிராமாவது இருக்கணும். அகலம் 10 இஞ்ச், உயரம் 12, அடியில 4 இஞ்ச் மடிப்பு. அந்த மடிப்பு இல்லேன்னா தேங்கா ஒரு மூலைக்கு உருண்டு பையே கோணிக்கும், கீழ வச்சா நிக்காது. உள் ஓரம் நூல் பிரியாம சுத்தித் தைக்கிற ஓவர்லாக் அடிக்கணும், இல்லேன்னா ரெண்டு தடவை துவைச்சதும் நூல் பிரியும்.

அத்தை: முக்கியமா காது, அதான் பையோட கைப்பிடி. பை போறது அங்கதான். வாய் மடிப்புக்குள்ள ஒன்றரை இஞ்ச் நுழைச்சு, சதுரமா தைச்சு, குறுக்கே எக்ஸ் போடணும். ஒரே நேர்த்தையல் போட்டா தேங்கா கனத்துக்கு முதல்ல தையல் ஓட்டை பெருசாகும், அப்புறம் துணியோட பிய்ஞ்சு வரும். சாம்பிள்ல ரெண்டு தேங்கா போட்டு ராத்திரி முழுக்க கதவு ஆணியில மாட்டுங்க. காலைல காதுகிட்ட துணி சுருங்கி இழுத்திருந்தா அந்த டெய்லர் வேண்டாம்.

அக்கா: மஞ்சள் கலர்ல போடலாமா?

அத்தை: தாராளமா. ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால தேய்ச்சுப் பாரு, சாயம் ஒட்டினா வாங்காத. நிஜ மஞ்சள்ல நனைச்சதுன்னு சொன்னாலும் வேண்டாம். சோப்பு பட்டா செவக்கும், வெயில்ல வெளுக்கும்.

நான்: பையில உன் போட்டோவும் மாப்பிள்ளை போட்டோவும் பிரிண்ட் பண்ணலாம்க்கா.

அத்தை: வேண்டாம் கண்ணா. அடுத்தவங்க போட்டோ போட்ட பையை யாரும் காய்கறிக் கடைக்கு எடுத்துட்டுப் போக மாட்டாங்க. வெளியில ஒரே கலர்ல சின்னக் கோலம், பேரும் தேதியும் உள்பக்கம் சின்னதா. அச்சடிக்க கலருக்கு ஒரு ஸ்கிரீன் (அச்சுச் சட்டம்) வேணும்ங்கறதால, ஒரே கலர்னா செலவும் குறையும். மை நல்லா காஞ்சப்புறம் கட்டச் சொல்லு. ஈரத்தோட அடுக்கினா ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, பின்பக்கமெல்லாம் கறை.

சித்தப்பா: எண்ணிக்கை அண்ணி. பத்திரிகைக்கு ஒண்ணுன்னு 400 பத்தாது. தனிக்குடித்தனம் போன பசங்களுக்குத் தனியா கொடுக்கணும். பை 550. தேங்கா 580, அழுகல் உடைசல் கழியும். வெத்தலை ரெண்டு ரெண்டா 1100, கவுளிக்கு நூறுன்னா 11. கிழிசல் போக 12 சொல்லிடலாம்.

அம்மா: தேங்கா முழுசா உரிச்சதாவே வாங்கிடவா தம்பி?

சித்தப்பா: குடுமி விட்டு உரிக்கச் சொல்லுங்க அண்ணி. குடுமியை எடுத்தா கண்ணு வழியா சீக்கிரம் கெடும். முத்தின காயா, ஆட்டினா தண்ணி சத்தம் கேக்கணும். வெயில்ல போட்டா வெடிக்கும், மூட்டையை நிழல்ல வைக்கணும். காய் அரைக் கிலோன்னா 580க்கு 290 கிலோ, கார் டிக்கில ஆகாது. குட்டி யானை வண்டி ஒண்ணு பேசிடறேன்.

அத்தை: வெத்தலையை முதல் நாளே பையில போட்டுடாதீங்க. ஈரத்துணி சுத்தி வாழையிலையில வைங்க. முகூர்த்தத்தன்னிக்கு விடியக்காலை துடைச்சு, பாக்கோட காகித உறையில போட்டு தேங்காக்கு மேல வைக்கணும். அடியில வச்சா நசுங்கி, சாறு இறங்கி புதுப்பையிலயே கறை.

நான்: வாசல்ல மேஜை போட்டுடவா?

சித்தப்பா: சாப்பாட்டு ஹால் கை கழுவற இடத்தைத் தாண்டிப் போடு. வாசல்ல போட்டா பின்வழியா போறவங்களுக்குக் கிடைக்காது. 150 பையைத் தனியா கட்டி வரவேற்புக்கு எடுத்து வச்சிடு, இல்லேன்னா காலைலயே தீர்ந்துடும்.

அம்மா: சரி அண்ணி, பையே முடிவு. நாளைக்கு ரெண்டு டெய்லர்கிட்ட சாம்பிள் வாங்கறேன்.

அத்தை: ஆணியில மாட்டினதும் காதுகிட்ட கிட்டக்கப் போய் போட்டோ எடுத்து இங்க போடுங்க.