பழைய வண்ணாரப்பேட்டை வீடு விற்பனைக்கு: விறகடுப்பும் புகைபோக்கியும் இருக்கட்டுமா, இடிக்கட்டுமா?

மூன்றாம்பங்கு:
சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் தாத்தா கட்டிய வீடு. 18 அடி அகலம், 64 அடி நீளம். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு ஒட்டிய சுவர். தேக்குக் கட்டைகளின் மேல் மெட்ராஸ் டெரஸ் கூரை. சர் தியாகராயா கல்லூரி மெட்ரோ நிலையத்துக்கு நடந்தே போகலாம். அக்கா, அண்ணன், நான் என்று மூன்று பங்கு. பழுது பார்த்து விற்றுவிடுவது என்று முடிவாகிவிட்டது. சண்டை சமையலறையில்தான்.

பின்கட்டில் ஐந்தடி நீள அடுப்பு மேடை இருக்கிறது. இரண்டு அடுப்பு, ஓரமாக அவற்றின் அனலிலேயே சூடாகும் ஒரு கொடியடுப்பு. மேலே செங்கல்லால் வளைத்துக் கட்டிய புகைக்கூண்டு. அதன் புகைபோக்கி கூரையைத் துளைத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு மேல் ஆறடி நிற்கிறது. கேஸ் வந்த பிறகு அந்த அடுப்பு எரிவது பொங்கலன்று மட்டும். மற்ற நாளில் பழைய பேப்பர் கட்டும் உடைந்த குடையும் அங்கே குடியிருக்கின்றன.

கொத்தனார் மூன்று கணக்குச் சொல்கிறார். எல்லாவற்றையும் இடித்து, ரப்பீஸ் என்கிற இடிபாட்டுக் குப்பையை வண்டியில் ஏற்றி, கிரானைட் மேடை போட 85,000. இடிக்காமல் சுரண்டிப் பூச 18,000. கீழே இருக்கும் மேடையையும் கூண்டையும் மட்டும் எடுத்துவிட்டு, மேலே உள்ள புகைபோக்கியை அப்படியே விட்டுவிட 40,000. அக்கா இடிக்கவே கூடாது என்கிறாள். அண்ணன் இடித்தே தீர வேண்டும் என்கிறார். எனக்கு நடுவழியான அந்த 40,000 ரூபாய்க் கணக்கு சரியாகப் படுகிறது. வாங்க வருகிறவருக்கு எது பிடிக்கும்?

தேரடித்தெரு:
இடியுங்கள். இரண்டு வருடம் முன்பு திருவொற்றியூரில் அப்பாவின் வீட்டை விற்றவன் சொல்கிறேன். வீடு பார்க்க வருகிற ஆண் வாசலையும் பத்திரத்தையும் பார்ப்பார். அவர் மனைவி நேராகச் சமையலறைக்குப் போவார். ஃபிரிஜ் எங்கே, தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி எங்கே, மிக்சிக்கு பிளக் எங்கே என்று நின்ற இடத்திலேயே மனதுக்குள் அடுக்கிப் பார்ப்பார். உங்கள் ஐந்தடி மேடை அந்தக் கணக்கைக் கெடுக்கும். அவர் உதட்டைப் பிதுக்கினால் விலை அங்கேயே இரண்டு லட்சம் இறங்கும். எங்கள் வீட்டில் இருந்தது வெறும் அம்மிக்கல். அதற்கே ஒருவர் “இதை எடுத்துப் போட ஆள் கூலி யார் தருவது?” என்று கேட்டார்.

சுண்ணாம்புக்காரை:
தேரடித்தெரு ஐயா அம்மிக்கல்லையும் புகைபோக்கியையும் ஒன்றாக்குகிறார். அம்மியைத் தூக்கினால் தரை காலியாகும். புகைபோக்கியைத் தூக்கினால் கூரை திறக்கும்.

பழைய வீடுகளில் சுண்ணாம்பு வேலை செய்கிறவன் நான். மெட்ராஸ் டெரஸ் என்பது தேக்குக் கட்டைகளின் மேல் சின்னச் செங்கல்லைச் சாய்வாக, குத்துக்கல்லாக அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து இறுக்கி, தட்டோடு பதித்த கூரை. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டு நாள்கணக்கில் அடிப்பார்கள். அதில் ஒரு பெரிய ஓட்டையைப் பிறகு அடைப்பது எளிதில்லை. பழைய சுண்ணாம்பும் புதிய சிமெண்டும் வெயிலில் ஒரே மாதிரி விரியாது. ஒட்டுப் போட்ட இடத்தில் மயிரிழையாக ஒரு விரிசல் ஓடும். ஐப்பசி மழையில் தண்ணீர் அந்த வழியாக இறங்கும். விற்ற பிறகுதானே என்று நினைக்க வேண்டாம். பத்திரம் முடிவதற்குள் ஒரு மழை வந்தால் போதும்.

இருக்கட்டும் என்பதே என் கட்சி. சுத்தம் செய்து, சிவப்பு நிறம் தெரிய மெருகேற்றினால் அந்த வீட்டிலேயே பார்க்கத் தகுந்த இடம் அதுவாகத்தான் இருக்கும்.

குன்னூர்க்குளிர்:
நானும் வைத்திருக்கவே சொல்வேன். குன்னூரில் தோட்ட பங்களாக்களைப் பராமரிக்கும் வேலை எனக்கு. அங்கே கணப்பு, அதாவது குளிர்காயும் சுவரடுப்பு, இருக்கிற அறைக்கு வாடகையே தனி. எரிய வேண்டும் என்றுகூட இல்லை, இருந்தால் போதும். விருந்தினர் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். சூட்டின் பெரும்பகுதி புகையோடு மேலே போய்விடும், அறை பாதிதான் சூடாகும். இருந்தும் கணப்பு இல்லாத பங்களாவைக் காட்டினால் முகம் சுளிக்கிறார்கள். வீட்டுக்கு ஒரு முகம் வேண்டும் அல்லவா?

தேரடித்தெரு:
குன்னூர் நண்பரே, சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான். அதுவும் நூறு வருடத்துக்கு முந்தைய கதை. இங்கே மார்கழியிலும் மின்விசிறி ஓடுகிறது. உங்கள் கணப்பு குளிர்காய. இவருடையது குழம்பு கொதிக்க வைத்த அடுப்பு. பக்கத்தில் நின்று படம் எடுத்தால் சட்டையில் கரி ஒட்டும்.

விறகுத்தொட்டிக்காரர்மகள்:
பேசின் பிரிட்ஜ் பக்கம் என் அப்பா விறகுத்தொட்டி வைத்திருந்தார். பக்கிங்காம் கால்வாயில் சவுக்குக் கட்டைகள் படகு படகாக வந்து இறங்கியதைத் தன் சின்ன வயதில் பார்த்ததாகச் சொல்வார். ஆகவே விறகைப் பற்றி எனக்கும் நாலு வார்த்தை சொல்ல உரிமை உண்டு.

எங்கள் வீட்டிலும் இதே புகைக்கூண்டு இருந்தது. மழைக்காலத்தில் ஈரச் சவுக்கை வைத்தால் புகை மேலே போகாது. கூண்டின் விளிம்பில் சுருண்டு நின்று, அடுப்படிக்கே திரும்பி வரும். அம்மா ஊதுகுழலை ஒரு கையிலும் முந்தானையை வாயிலும் வைத்துக்கொண்டு குனிந்திருப்பார். அடுப்படி பல்பை மாதம் ஒரு முறை சாம்பல் தொட்டுத் துடைப்பது என் வேலை. துடைத்த பிறகுதான் அம்மாவின் கண் எவ்வளவு சிவந்திருக்கிறது என்பது தெரியும். நீங்கள் மெருகேற்றிக் காட்டச் சொல்கிற சாமான் அதுதான், சுண்ணாம்புக்காரைத் தம்பி. அதை அழகு என்று சொல்கிறவர்களில் அதில் உலை வைத்தவர் எத்தனை பேர்?

மூன்றாம்பங்கு, உங்கள் அக்கா பொங்கலுக்கு மட்டும் பற்றவைத்தாரா, தினமும் சமைத்தாரா? கேட்டுச் சொல்லுங்கள்.

சுண்ணாம்புக்காரை:
அம்மா, நீங்கள் சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் கூரையைப் பற்றிப் பேசினேன்.

கணக்குப்பிள்ளை:
எல்லோரும் அடுப்பையே பார்க்கிறீர்கள். 18க்கு 64 என்றால் 1,152 சதுர அடி, அரை கிரவுண்டுக்கு, அதாவது 1,200 சதுர அடிக்கு, கொஞ்சம் குறைவு. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை போனதிலிருந்து இந்தப் பக்கம் கேட்டு வருகிறவர்களில் பலர் மண்ணைத்தான் கேட்கிறார்கள். 2019 கட்டட விதிகளின்படி சாதாரணக் கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு 2, அதாவது எல்லா மாடியும் சேர்த்து மனைப்பரப்பைப் போல இரண்டு மடங்கு கட்டலாம். இடித்துவிட்டு மாடி வீடு கட்டுகிறவருக்கு உங்கள் 85,000 ரூபாய் கிரானைட்டும் ரப்பீஸ்தான், 18,000 ரூபாய் மெருகும் ரப்பீஸ்தான். ஒன்றும் செய்யாதீர்கள். வெள்ளை அடித்து, மின்கசிவு இல்லாமல் பார்த்து, வில்லங்கச் சான்றையும் தாய்ப்பத்திரத்தையும் எடுத்து வையுங்கள்.

முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று மொத்தம் 9 சதவீதம் வாங்குகிறவர் தலையில். ஒரு கோடி என்றால் 9 லட்சம். அந்த நிலையில் இருப்பவர் புகைபோக்கியின் அழகுக்குத் தனியாகத் தரமாட்டார்.

செலவு செய்தே தீர்வீர்கள் என்றால் பில் வாங்குங்கள். தாத்தா காலத்துச் சொத்து என்பதால் மூலதன ஆதாய வரியில், விலைவாசி உயர்வுக்கு ஏற்பப் பழைய விலையைக் கூட்டிக் காட்டும் பணவீக்கக் குறியீடு இல்லாமல் 12.5 சதவீதம், அந்தக் குறியீட்டோடு 20 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதைக் கட்டலாம். வீட்டை மேம்படுத்திய செலவு ஆதாயத்தில் கழியும். வண்ணம் அடித்ததும் சில்லறைப் பழுதும் கழியாது. கொத்தனார் சிகரெட் அட்டையில் எழுதிக் கொடுக்கும் கணக்கை நம்பி உட்காராதீர்கள்.

தேரடித்தெரு:
மண் வாங்குகிறவர் மண் விலைதான் தருவார். குடியேற வருகிற குடும்பம் வீட்டுக்கும் சேர்த்துத் தரும். முதல் மாதமே மண் என்று கூவினால் வருவது தரகர்களின் கூட்டம்தான்.

சாரம்கட்டி:
கட்டடப் பொறியாளர் என்ற முறையில் குறுக்கிடுகிறேன். அந்த 40,000 ரூபாய் யோசனையைச் செய்யாதீர்கள். மூன்றில் அது ஒன்றுதான் உண்மையிலேயே ஆபத்து. கேட்பதற்கு நடுவழி போல இருக்கிறது, அதனால்தான் இன்னும் பயமாக இருக்கிறது.

புகைபோக்கி செங்கல் மேல் செங்கலாகத் தன் எடையைக் கீழே இறக்கிக்கொண்டு நிற்கிறது. கூரை வரையிலான செங்கல், மாடிக்கு மேல் ஆறடிச் செங்கல், அத்தனையும் கூண்டின் தோளில். கூண்டை உருவிவிட்டால் மேலே உள்ளது எதன் மேல் நிற்கும்? பழைய சுண்ணாம்பின் பிடியிலும் பக்கத்துச் சுவரின் தயவிலும் கொஞ்ச நாள் தொங்கும். பிறகு ஒரு புயல் காற்று வந்தால் போதும். இடிப்பதென்றால் உச்சியிலிருந்து கீழாக, வரிசை வரிசையாக எடுக்க வேண்டும். இல்லை, கீழே மட்டும்தான் எடுக்க வேண்டும் என்றால் மேலே உள்ளதைத் தாங்க இரும்பு உத்திரம் கொடுக்க வேண்டும். 40,000 ரூபாயில் அது இருக்கிறதா என்று கொத்தனாரைக் கேளுங்கள்.

இன்னொன்று. ஒட்டிய சுவர் என்றீர்கள். புகைபோக்கி எந்தச் சுவரோடு சேர்ந்திருக்கிறது? அது பொதுச் சுவர் என்றால் பக்கத்து வீட்டாரிடம் சொல்லாமல் உளியை வைக்காதீர்கள். அவர் வீட்டுப் பூஜை அறைச் சுவரில் விரிசல் விழுந்தால் உங்கள் வில்லங்கச் சான்றில் ஏறாத வில்லங்கம் அது.

மூன்றாம்பங்கு:
நல்ல வேளை கேட்டேன். கொத்தனாரைக் கேட்டதில் “உத்திரமெல்லாம் வேண்டாம், அது பாட்டுக்கு நிற்கும்” என்றார். அந்த யோசனையைக் கைவிட்டேன். சுவர் பொதுச் சுவர்தான்.

அக்காவிடமும் கேட்டேன். அவள் தினமும் சமைத்ததில்லையாம். சமைத்தது பாட்டியும் அம்மாவும். அம்மாவைக் கேட்க இப்போது வழியில்லை.

குன்னூர்க்குளிர்:
வைத்துக்கொள்வது என்றால் உச்சியை மூடுங்கள். எங்கள் ஊரில் எரியாத கணப்பின் புகைபோக்கியைத் திறந்தே விட்டால் மழையும் புறாவும் உள்ளே வரும். ஈரக்காற்று இறங்கி, பழைய கரி வாடை வீடு முழுவதும் வீசும். ஆனால் முழுக்க அடைத்துவிட்டால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவரில் பூக்கும். மேலே ஒரு கல் வைத்து, பக்கவாட்டில் காற்று போக இடம் விட வேண்டும்.

சுண்ணாம்புக்காரை:
அதற்குக் கடப்பைக் கல் போதும். பூச்சுக்குச் சிமெண்ட் வேண்டாம், சுண்ணாம்பே பூசச் சொல்லுங்கள். உங்கள் பக்கம் கடற்காற்று வேறு. சிமெண்டுக்குப் பின்னால் ஈரம் சிக்கினால் உப்புப் பூத்துப் பொரிப்பொரியாக உதிரும். கரி படிந்த பரப்பின் மேல் நேராக வண்ணம் அடித்தால் இரண்டு மாதத்தில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை கசிந்து வரும். வாங்க வருகிறவர் அதைக் கூரை ஒழுகல் என்றே நினைப்பார். பழைய பூச்சை உரித்துவிட்டுப் புதிதாகப் பூசுவதுதான் வழி.

தேரடித்தெரு:
கல் வை, பூச்சு உரி, சுண்ணாம்பு பூசு. 18,000 இப்போது எவ்வளவு ஆயிற்று? இதையெல்லாம் செய்த பிறகும் ஃபிரிஜ் வைக்க இடமில்லை.

ஒரு வேடிக்கையும் சொல்கிறேன். புது வீடு கட்டுகிறவர்கள் அடுப்புக்கு மேலே மின்சாரச் சிம்னி மாட்ட ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள். நீங்களோ இருக்கிற சிம்னியை என்ன செய்வது என்று கேட்கிறீர்கள்.

சாரம்கட்டி:
தேரடித்தெரு வேடிக்கையாகச் சொன்னதை நான் வேலையாகவே செய்திருக்கிறேன். மேடையை மட்டும் கேஸ் அடுப்பு வைக்கும் உயரத்துக்குச் சமன் செய்து, கூண்டுக்குள் மின்சாரச் சிம்னியை மாட்டி, அதன் குழாயைப் பழைய புகைபோக்கிக்குள்ளேயே மேலே கொண்டுபோய்விடலாம். உலோகக் குழாய் உச்சி வரை போக வேண்டும். எண்ணெய்ப் புகையைப் பழைய செங்கல்லுக்குள் நேராக விட்டால் பிசுபிசுத்து நாறும், தீப்பிடிக்கவும் கூடும். கூரையில் ஓட்டை போட வேண்டாம், சுவரைத் துளைக்க வேண்டாம். தோள் இருக்கிற இடத்திலேயே இருக்கும்.

விறகுத்தொட்டிக்காரர்மகள்:
இது எனக்குச் சம்மதம். புகை மேலே போகிறது என்றால் புகைபோக்கி இருக்கட்டும்.

மூன்றாம்பங்கு:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். சாரம்கட்டி சொன்னபடியே செய்தோம். உத்தேசமாக 52,000 ஆயிற்று. பில் இருக்கிறது, கணக்குப்பிள்ளை அவர்களே. கொடியடுப்பை மட்டும் அக்கா மூட விடவில்லை. அதில் இப்போது உப்பு ஜாடி இருக்கிறது.

புகைபோக்கி கூரையைச் சந்திக்கும் இடத்தில் பூச்சை உரித்தபோது ஒரு தேக்குக் கட்டையின் முனை விரலால் அழுத்தினால் உள்ளே போகிற அளவுக்கு இற்றிருந்தது. எத்தனை வருடமாகத் தண்ணீர் இறங்கியதோ தெரியவில்லை. அந்த முனைக்கு இரும்புத் தாங்கி கொடுத்தோம். இடித்திருந்தாலும் தெரிந்திருக்கும், ஆனால் இடிக்கும்போது அடியில் நின்றிருக்கக்கூடியவன் நான்.

நேற்று ஒரு குடும்பம் வந்தது. ராயபுரத்தில் வாடகைக்கு இருக்கிறார்கள். அந்த அம்மாள் சமையலறையில் வெகுநேரம் நின்றார். குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டார். பிறகு மேடைக்குக் கீழே விறகு அடுக்கும் பொந்தைக் காட்டி, “கதவு போட்டு சிலிண்டரை உள்ளே வைக்கலாமா?” என்றார். புகைக்கூண்டை அண்ணாந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

சாரம்கட்டி:
வைக்கலாம், ஆனால் கதவின் அடியில் காற்றுப் போக்கு விடச் சொல்லுங்கள். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழேதான் தேங்கும்.

தேரடித்தெரு:
ஃபிரிஜ் எங்கே வைப்பது என்று கேட்டாரா இல்லையா?

மூன்றாம்பங்கு:
கேட்டார். கூடத்தில் வைக்கலாம் என்றேன். கணவரின் முகத்தைப் பார்த்தார்.