லேப்டாப் பொட்டென்று அணைகிறது: தெர்மல் பேஸ்ட் மாற்றத்தான் வேண்டுமா?

மேசைவிளக்கு கேட்டது:

ஐந்து வருடப் பழைய 15 அங்குல லேப்டாப், விண்டோஸ் 11. ஒரு மாதமாக எந்த எச்சரிக்கையும் இல்லாமல் அணைந்துவிடுகிறது. நீலத்திரை வருவதில்லை. டைப்பிங் மட்டும் என்றால் இரண்டு மணி நேரம் ஓடும். வீடியோ எக்ஸ்போர்ட் போட்டால் சில நிமிடத்தில் போய்விடும். தூசி தட்டி, ராமைக் கழற்றி மாட்டி, விண்டோஸையும் புதிதாக ஏற்றியாயிற்று. அடுத்து தெர்மல் பேஸ்ட் (ப்ராசசரின் சூட்டை வெளியே கடத்த உதவும் பசை) மாற்றச் சொல்கிறார்கள். அதற்கு முன்னால் எதைச் சோதிக்க வேண்டும்?

செம்புக்கம்பி:

பேஸ்டை இப்போது தொடாதீங்க. முதல்ல விண்டோஸ் நடந்ததையெல்லாம் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் திறந்து பாருங்க. அணைந்த நேரத்தை ஒட்டி கெர்னல்-பவர் 41 என்று ஒரு பதிவு இருக்கும். அதையே காரணம் என்று எடுத்துக்கொண்டு பலர் அலைகிறார்கள். முறையாக மூடாமல் மறுபடி ஆன் ஆனது என்பதைத் தவிர 41 எதுவும் சொல்வதில்லை. அதன் டீடெய்ல்ஸ் பகுதியில் இருக்கும் பக்செக்கோட், அதாவது நீலத்திரைப் பிழையின் எண்தான் முக்கியம். அது 0 என்றால் நீலத்திரை போடக்கூட விண்டோஸுக்கு அவகாசம் கிடைக்கவில்லை. மின்சாரமே துண்டிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். வேறு எண் இருந்தால் டிரைவர், ராம் பக்கம் தேடணும். 41 இல்லாமல் 1074 என்ற பதிவு இருந்தால் ஏதோ புரோகிராமோ அப்டேட்டோ முறைப்படி ஷட்டவுன் செய்திருக்கு.

அடுத்து சூடு. எச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) என்ற புரோகிராமில் சென்சார் அளவுகளை ஃபைலில் பதிய விட்டு எக்ஸ்போர்ட் ஓட்டுங்க. அணைந்த பிறகு ஃபைலின் கடைசி வரியைப் பாருங்க. சூடு ஏறும்போது ப்ராசசர் முதலில் வேகத்தைத்தான் குறைக்கும். பல இன்டெல் சிப்களில் அந்த எல்லை 100 டிகிரி. ஃபேன் அலறி, வேலை மந்தமாகி, அதற்கும் அடங்காவிட்டால்தான் அணையும்.

பிறகு ஒரே எக்ஸ்போர்ட்டை மூன்று விதமாக ஓட்டுங்க: பேட்டரியும் அடாப்டரும் சேர்த்து, பேட்டரியில் மட்டும், பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட்டு அடாப்டரில் மட்டும். சில மாடல்கள் பேட்டரி இல்லாமல் ஆன் ஆகாது, அல்லது மெதுவாக ஓடும். அதைப் பழுது என்று நினைக்க வேண்டாம்.

மேசைவிளக்கு:

செய்து பார்த்தேன். பக்செக்கோட் 0. கடைசி வரியில் ப்ராசசர் 78 டிகிரி, பேட்டரி 46%. பேட்டரியில் மட்டும் ஓட்டினால் நான்கு நிமிடம்தான். கூடவே வந்த 65 வாட் அடாப்டரில் பேட்டரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு மணி நேரம் ஓடியது. 45 வாட் டைப்-சி சார்ஜரில் மட்டும் இரண்டு முறை அணைந்தது. விண்டோஸ் தரும் பேட்டரி ரிப்போர்ட்டில் டிசைன் கெப்பாசிட்டி (புதிதில் இருக்க வேண்டிய அளவு) 45,000, ஃபுல் சார்ஜ் (இப்போது ஏறும் அளவு) 27,900 மில்லிவாட்-ஹவர். 46% இருக்கும்போது எப்படி அணையும்?

ஓம்விதி:

78 டிகிரியில் சூட்டைக் குற்றம் சொல்ல முடியாது. பேட்டரிதான். சதவீதம் என்பது எவ்வளவு மின்னூட்டம் மிச்சம் என்ற கணிப்பு. அதை எவ்வளவு வேகமாக வெளியே தர முடியும் என்பது வேறு விஷயம். அதைத் தீர்மானிப்பது செல்லின் உள்மின்தடை. பழசாக ஆக அது ஏறும்.

உதாரணத்துக்கு மூன்று செல் தொடராக உள்ள 11.4 வோல்ட் பேட்டரி, உள்மின்தடை 0.5 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டைப்பிங்குக்கு 8 வாட் போதும்: 0.7 ஆம்பியர், அதனால் 0.35 வோல்ட்தான் இறங்கும். எக்ஸ்போர்ட்டில் 45 வாட் இழுத்தால் 4 ஆம்பியர், 2 வோல்ட் இறங்கி 9.4 ஆகிவிடும். அதோடு நிற்காது. வோல்டேஜ் குறைந்தாலும் வாட் அதேதான் வேண்டும் என்பதால் கரண்ட் கூடும், கரண்ட் கூடினால் வோல்டேஜ் இன்னும் விழும். செல்லுக்கு 3 வோல்ட் அளவில் பாதுகாப்பு சர்க்யூட் வெட்டுவதாக இருந்தால், 9 வோல்ட்டில் கதை முடிந்தது. மூன்றில் ஒரு செல் மட்டும் நலிந்திருந்தால் அதைப் பார்த்தே, இன்னும் முன்னதாகவே வெட்டிவிடும்.

45 வாட் சார்ஜரில் அணைந்ததும் இதனால்தான். லேப்டாப்புக்கு அதைவிட அதிகம் தேவைப்படும் நொடிகளில் பற்றாக்குறையைப் பேட்டரி ஈடுகட்ட வேண்டும், இந்தப் பேட்டரியால் அது முடியவில்லை.

முழுக்க ஏற்றி, முழுக்க இறக்கிச் செய்யும் கேலிப்ரேஷன் சதவீதக் கணக்கைத்தான் சரிசெய்யும், மின்தடையைக் குறைக்காது. மாற்றும்வரை பவர் ஆப்ஷன்ஸில் 'ஆன் பேட்டரி'க்கு மேக்ஸிமம் ப்ராசசர் ஸ்டேட்டை 99% ஆக்குங்கள். பெரும்பாலான மாடல்களில் டர்போ (ப்ராசசர் வழக்கத்தைவிட வேகமாக ஓடும் நிலை) நின்று இழுப்பு குறையும்.

திருப்புளி:

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை. லேப்டாப் மாடல் பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள்; ஒரே மாடலில் இரண்டு வகைப் பேட்டரி வருவதுண்டு. பேட்டரி மேல் ஒட்டியிருக்கும் லேபிளின் பார்ட் நம்பரையும் வோல்டேஜையும் பாருங்கள். 7.6 வோல்ட்டுக்குப் பதில் 11.4 வோல்ட் கூடவே கூடாது.

சார்ஜை 25%-க்குக் கீழே இறக்கி, ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுங்கள். அப்போதுதான் முழுதாக அணையும். அடாப்டரைப் பிடுங்கிவிட்டுத் திறங்கள். ஸ்க்ரூக்களை எடுத்த இடத்தின் வரிசையிலேயே ஒரு தாளில் வையுங்கள். குட்டை ஸ்க்ரூ இருந்த துளையில் நீளமானதைத் திருகி போர்டைக் கெடுத்தவர்கள் நிறைய. கனெக்டரை வயரைப் பிடித்து இழுக்காமல் பிளாஸ்டிக் ஓரத்தைப் பிடித்துக் கழற்றுங்கள். பிறகு பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரமும் இறங்கிவிடும். பசையால் ஒட்டியிருந்தால் இரும்பால் நெம்பவே வேண்டாம்; செல் கிழிந்தால் தீப்பிடிக்கும்.

டச்பேட் அழுந்தாமல் மேலே தூக்கியிருக்கிறதா, சமதளத்தில் வைத்தால் லேப்டாப் ஆடுகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். அப்படியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது. அதற்குமேல் சார்ஜ் போடாதீர்கள். கழற்றிய பழையதன் கனெக்டரில் டேப் ஒட்டி மின்கழிவு சேகரிப்பில் கொடுங்கள், குப்பைத்தொட்டியில் வேண்டாம்.

புதியது மாட்டியதும் பேட்டரி ரிப்போர்ட் எடுங்கள். ஃபுல் சார்ஜ் அளவு டிசைன் அளவை ஒட்டியிருக்க வேண்டும், சைக்கிள் கவுன்ட் (இதுவரை எத்தனை முழு சார்ஜ் அளவு பயன்பட்டது என்ற எண்ணிக்கை) ஒற்றை இலக்கத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வெகுநாள் கிடந்த சரக்கு, அல்லது பயன்படுத்திய சரக்கு, திருப்பிக் கொடுங்கள். பிறகு 50%-இலும் 30%-இலும் அதே எக்ஸ்போர்ட்டைப் பேட்டரியில் மட்டும் ஓட்டிப் பாருங்கள்.