யூட்ரோஃபிகேஷன் – "ஊட்டமேறல்" சரியா வருமா?

வணக்கம் நண்பர்களே,

ஏரி பத்தின ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் தேடிக்கிட்டிருக்கோம்ல, அதுல பிளாங்டனுக்கு (தண்ணியோட போக்குல மிதந்து திரியற சின்ன உயிர்ங்க) "மிதவை உயிரி"ன்னு முடிவாயிடுச்சு, அதுல எனக்கு சண்டை இல்ல. (கிரேக்க மூலத்துக்கு அலையறதுன்னுதான் அர்த்தம், ஜெர்மன் விஞ்ஞானி ஹென்சன் 1887ல வச்ச பேரு. "அலையுயிரி"ன்னா கடல் அலைன்னு நினைச்சுப்பாங்க, ஏரியில அது உதைக்கும்.)

என் சிக்கல் யூட்ரோஃபிகேஷன்தான், அதாவது ஏரித் தண்ணில சத்து கூடிக்கிட்டே போறது. இலங்கை வழக்குல "நற்போசணையாக்கம்"னு இருக்கு. மூலச்சொல்லுக்கு அது விசுவாசமாத்தான் இருக்கு (கிரேக்கத்துல "யூ"ன்னா நல்லன்னு அர்த்தம்), ஆனா "நற்"னு பாத்தவுடனே படிக்கிற புள்ள ஏரிக்கு ஏதோ நல்லது நடக்குதுன்னுல்ல நினைக்கும்? நடக்கறது என்னன்னா உரமும் சாக்கடையும் வந்து பாஸ்பரஸ் கூடி, நீலப்பச்சைப் பாசி மேல வந்து போர்வை மாதிரி மூடி, அது செத்து அழுகுறப்ப அடித்தண்ணில ஆக்சிஜன் தீர்ந்துபோயி மீன் சாவுது. டாஃப்னியா (நீர்த்தெள்ளு) மாதிரி விலங்கு மிதவைங்களுக்கு சாதாரண பச்சைப் பாசின்னா நல்ல தீனி, இந்த நீலப்பச்சை திரளா வளந்துட்டா அதுங்களால வடிகட்டித் திங்கவே முடியாது, தின்னாலும் சத்து கம்மி.

சரி, போன மடல்ல ஒருத்தர் சொன்ன "மிகையூட்டமாதல்" வச்சுக்கலாமேன்னா, தனியா பாத்தா நல்லாத்தான் இருக்கு, குடும்பமா வச்சுப் பாத்தா இடிக்குது. ஓஇசிடி (வளர்ந்த நாடுகளோட பொருளாதார அமைப்பு) 1982ல ஏரிகளோட சத்து நிலைக்குக் குடுத்த வகைப்பாட்டுல லிட்டருக்கு மொத்த பாஸ்பரஸ் 10 மைக்ரோகிராமுக்குக் கீழ ஆலிகோ, 10லேர்ந்து 35 மீசோ, 35லேர்ந்து 100 யூட்ரோஃபிக், அதுக்கு மேல ஹைப்பர். "மிகை"ய மூணாவதுக்கே செலவழிச்சுட்டா நாலாவதுக்கு என்ன பண்றது, "மிகமிகை"யா? அதனால இந்த நாலு நிலைக்கும் வரிசையா குறையூட்டம், இடையூட்டம், நிறையூட்டம், மிகையூட்டம். நிகழ்வுக்கு மட்டும் "ஊட்டமேறல்". சூடேறுது, உப்பேறுதுன்னு சொல்றோம்ல, அதே வாட்டம்தான்.

இதுல ஒரு லாபம் இருக்கு. பாஸ்பரஸ் வரத்தை நிறுத்தினா ஏரி திரும்பி வருமே, அதுக்கு "ஊட்டமிறங்கல்"னு தானா ஒரு சொல் கிடைக்குது, "நற்போசணை"ய இப்படி திருப்பிப் போட்டுப் பாருங்க, வாயில நுழையாது.

"ஊட்டம்னா எல்லா சத்தும்தானே, பாஸ்பரஸ்னு எங்க வருது"ன்னு ஒரு கேள்வி வந்துச்சு. நியாயம்தான். 1973ல கனடாவுல ஆராய்ச்சிக்குன்னு ஒதுக்கின ஏரிகள்ல 226ஆம் நம்பர் ஏரிய நடுவுல திரை கட்டி ரெண்டாப் பிரிச்சு, ரெண்டு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் போட்டு ஒரு பக்கம் மட்டும் பாஸ்பரஸும் சேத்தாங்க, அந்தப் பக்கம் மட்டும் பச்சையாயிடுச்சு. இருந்தாலும் நைட்ரஜன் பத்தாததுதான் பாசி வளர முட்டுக்கட்டையா இருக்குற ஏரிகளும் உண்டு, அதனால சொல்லுக்குள்ள பாஸ்பரஸ திணிக்க வேணாங்கறது என் கட்சி.

பேரு வைக்க இன்னொண்ணு பாக்கி நிக்குது. வெளி வரத்தை அடைச்சப்புறமும் ஆக்சிஜன் இல்லாத அடிச்சேத்துல இரும்போட ஒட்டிக்கிட்டிருந்த பாஸ்பரஸ் கழண்டு தண்ணிக்குள்ள வருது, ஏரி வருஷக்கணக்கா தேறாம கிடக்கறதுக்கு இது ஒரு காரணம். "அடியூறல்"னு குறிச்சு வச்சிருக்கேன். கிணத்து ஊத்து மாதிரி கேக்குதோன்னு எனக்கே சந்தேகம், வேற தோணினா சொல்லுங்க.