கெமிஸ்ட்ரி பிஹெச்டி முடியப்போகுது, ரசாயன ஆயுதத் தடுப்பு பக்கம் போஸ்ட்டாக் போகலாமா?

வேதிமாணவி:
எல்லாருக்கும் வணக்கம். நான் அனலிட்டிக்கல் கெமிஸ்ட்ரில பிஹெச்டி, தீசிஸ் எழுதிட்டு இருக்கேன், இன்னும் நாலஞ்சு மாசத்துல சப்மிட் பண்ணிடுவேன். அஞ்சு வருஷமா என் வேலையே தண்ணியிலயும் மண்ணுலயும் ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிமருந்து எவ்ளோ தங்கியிருக்குன்னு எல்சி-எம்எஸ்ல (கலவையப் பிரிச்சு உள்ள என்ன இருக்குன்னு காட்டற மெஷின்) பாக்கறதுதான். நரம்பத் தாக்கற விஷ ஆயுதமான நெர்வ் ஏஜென்ட்டும் அதே குடும்பம்னு பாடத்துல படிச்சதோட சரி. போன வருஷம் ஒரு கான்ஃபரன்ஸ்ல, 2013 ஆகஸ்ட்ல சிரியாவோட கூட்டாவுல தாக்குதல் நடந்தப்ப ஐ.நா. குழு எடுத்துட்டு வந்த சாம்பிள்ல சரின்ங்கற நெர்வ் ஏஜென்ட் இருந்துச்சுன்னு லேப்ல எப்படி உறுதி பண்ணாங்கன்னு ஒருத்தர் சொன்னார், அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. நான் தெனமும் பண்ற வேலை இதுக்கும் உதவுமான்னு ஒரே யோசனை.

இந்த ஃபீல்டுல போஸ்ட்டாக்னு (பிஹெச்டிக்கு அப்புறம் பண்ற ஆராய்ச்சி வேலை) ஒண்ணு நிஜமாவே இருக்கா? இந்திய பாஸ்போர்ட் வச்சிருந்தா கதவு தொறக்குமா? என் கைடு, பாலிசி பக்கம் போனா திரும்ப லேபுக்கு வரமுடியாதுன்னு சொல்றார். தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

வடகடல்:
தங்கச்சி, நான் ஐரோப்பாவுல இந்த வேலை பண்ற ஒரு லேப்ல மூணு வருஷம் போஸ்ட்டாக்கா இருந்தேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன். மொதல்ல நெதர்லாந்துல ஹேக்ல இருக்கற ஓபிசிடபிள்யூவ (ரசாயன ஆயுதத் தடை அமைப்பு) எடுத்துக்கோங்க, 1997ல ரசாயன ஆயுத ஒப்பந்தம் அமலுக்கு வந்தப்ப தொடங்கினது, 2013ல நோபல் அமைதிப் பரிசு வாங்கினது. அது ரிசர்ச் இன்ஸ்டிட்யூட் இல்ல. இன்ஸ்பெக்டர், அனலிட்டிக்கல் கெமிஸ்ட் எல்லாம் எடுப்பாங்க, ஆனா அனுபவம் கேப்பாங்க, அந்த அனுபவத்த சேத்துக்கற இடம்தான் போஸ்ட்டாக். அதுக்கு ஏத்த எடம் அவங்க அங்கீகாரம் குடுத்த லேப்கள், பின்லாந்துல ஹெல்சிங்கி யுனிவர்சிட்டியோட வெரிஃபின், சுவிஸ்ல ஷ்பீட்ஸ், ஸ்வீடன்ல எஃப்ஓஐ மாதிரி.

அந்த அங்கீகாரம் சும்மா வராது. ப்ரொஃபிஷியன்சி டெஸ்ட்னு வைப்பாங்க. ஒரு நாள் பெட்டி வரும், உள்ள சின்னச் சின்ன குப்பியில தண்ணியோ மண்ணோ எண்ணெய் கலந்த திரவமோ இருக்கும், அதுல என்ன கலந்திருக்குன்னு யாரும் சொல்லமாட்டாங்க. ரிப்போர்ட் குடுக்க 15 நாள்தான், ஞாயித்துக்கிழமையும் அதுல சேத்தி. ஒவ்வொரு கெமிக்கலையும் ரெண்டு வேற வேற முறையில காட்டணும். இல்லாத ஒண்ண இருக்குன்னு எழுதிட்டீங்கன்னா டெஸ்ட் ஃபெயில், மத்ததெல்லாம் சரியா இருந்தாலும். தொடர்ந்து மூணு டெஸ்ட்டுல குறைஞ்சது ரெண்டு ஏ கிரேடு, ஒரு பி கிரேடு வாங்கணும். எங்க லேப்ல அந்த 15 நாளும் வீட்டுக்குப் போறது தூங்கறதுக்கு மட்டும்தான்.

உங்க வேலை இங்கதான் ஒட்டுது. சரின் தண்ணியில நிக்காது, உடைஞ்சு ஐசோப்ரொப்பைல் மீத்தைல்பாஸ்போனிக் ஆசிட் ஆகும், அதுவும் மெதுவா உடைஞ்சு மீத்தைல்பாஸ்போனிக் ஆசிட் ஆகும். பாஸ்பரசும் மீத்தைலும் நேரா ஒட்டியிருக்கற அந்தப் பிணைப்பு லேசுல விடாது. பெரும்பாலான பூச்சிமருந்துல அந்தப் பிணைப்பே கிடையாது, ஆனா சில தீத்தடுப்பு கெமிக்கல்ல இருக்கு. அப்ப எது எங்கிருந்து வந்துச்சுன்னு பிரிச்சுச் சொல்ற கண்ணு வேணும், அழுக்கு மண்ணுல அஞ்சு வருஷம் வேலை பாத்த உங்களுக்கு அந்தக் கண்ணு ஏற்கெனவே இருக்கும். அப்ளிகேஷன்ல அதை முதல் பாராவுலயே எழுதுங்க.

ஃபண்டிங்குக்கு மேரி க்யூரி போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப் பாருங்க, எந்த நாட்டுக்காரங்களும் போடலாம். ஆனா கடைசித் தேதிக்குள்ள உங்க டிஃபன்ஸ் (தீசிஸ் வாய்மொழித் தேர்வு) முடிஞ்சிருக்கணும், சப்மிட் பண்ணினது மட்டும் போதாது.

கோவை கெமிஸ்ட்:
வடகடல் அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனா வெளிநாடு மட்டும்தான் வழின்னு நினைக்காதீங்க. குவாலியர்ல நம்ம பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு டிஆர்டிஓவோட டிஆர்டிஈ லேப் இதே வேலையத்தான் பல வருஷமா பண்ணுது. இந்தியா கையில இருந்த ரசாயன ஆயுதத்த 2009லயே முழுசா அழிச்சு முடிச்ச நாடு, அதனால இங்கயும் இந்த அறிவு இருக்கு. அமெரிக்காவுல அரசாங்க லேப் பக்கம் போனா குடியுரிமை, பாதுகாப்பு க்ளியரன்ஸ்னு முட்டும், ட்ரிபிள்ஏஎஸ்ங்கற (AAAS) அங்க இருக்கற அறிவியல் சங்கத்தோட பாலிசி ஃபெல்லோஷிப்பும் அமெரிக்க சிட்டிசனுக்கு மட்டும்தான், அதுக்காக நேரம் செலவழிக்காதீங்க.

இன்னொண்ணு, ஹேக் வேலை ரிட்டயர்மென்ட் வரைக்கும் இல்ல. பொதுவா ஏழு வருஷம்தான் உச்சவரம்பு, அப்புறம் கிளம்பணும். வீட்ல இதை முன்னாடியே பேசிடுங்க.

நுண்ணுயிர்:
நான் பயாலஜி பக்கத்துல இருந்து வந்தவ, கைடு சொன்ன அந்த பயம் எனக்கும் இருந்துச்சு, அதனால எழுதறேன். கெமிக்கல் பக்கம் உங்களுக்குக் கட்டடம் இருக்கு, லேப் இருக்கு, இன்ஸ்பெக்டர் இருக்காங்க. உயிரியல் ஆயுத ஒப்பந்தம் 1975 மார்ச்லயே அமலுக்கு வந்தும் சோதனை பண்ண ஒரு அமைப்பே கிடையாது, அதுக்கான பேச்சு 2001ல உடைஞ்சுபோச்சு. ஜெனீவாவுல ஒப்பந்தத்துக்குன்னு இருக்கற யூனிட் மூணே பேரோட ஆரம்பிச்சது, 2022 மாநாட்டுல இன்னொரு ஆள் சேத்துக்க முடிவு பண்ணாங்க, உலகத்துக்கே அவ்ளோதான். இதை நினைச்சா எனக்கு இன்னமும் வயித்தக் கலக்கும். அதனால எங்க வேலை எல்லாம் சிதறிக் கிடக்கு, ஹாம்பர்க் யுனிவர்சிட்டி, ஸ்டாக்ஹோம்ல சிப்ரிங்கற அமைதி ஆராய்ச்சி நிலையம், ஜான்ஸ் ஹாப்கின்ஸ்னு. ஐ.நா. ஆயுதக் களைவு அலுவலகம் நடத்தற யூத் ஃபார் பயோசெக்யூரிட்டி ஃபெல்லோஷிப் நம்ம மாதிரி நாட்டுப் பிள்ளைங்களுக்காகவே இருக்கு, என் தோழி ஒருத்தி அதுல போயிட்டு வந்துதான் வழி கண்டுபிடிச்சா.

லேப விடறது பத்தி: நான் போஸ்ட்டாக்ல மொத வருஷம் ஒரு தூதரக அதிகாரிக்கு டிஎன்ஏ சிந்தசிஸ் ஆர்டர (செயற்கையா டிஎன்ஏ செஞ்சு தரச் சொல்ற ஆர்டர்) ஆபத்தானதான்னு ஸ்க்ரீன் பண்றது பத்தி எட்டுப் பக்கம் எழுதிக் குடுத்தேன். அவங்க கடைசிப் பக்கத்துக்குத் திருப்பி, நாளைக்கு காலைல கூட்டத்துல நான் என்ன கேக்கணும்மா, அதை மட்டும் சொல்லுன்னாங்க. எனக்கு வாய் அடைச்சுப்போச்சு, ஏன்னா எட்டுப் பக்கத்துல அது எங்கயுமே இல்ல. அப்புறம் ரெண்டு பக்கமா எழுதக் கத்துக்கிட்டேன், அது எந்த பிஹெச்டிலயும் சொல்லித்தரல. பெஞ்ச் வேலை மறந்துடாது கண்ணு, ஆனா இந்தப் பழக்கம் இல்லாம வந்தா ரொம்ப தடுமாறுவீங்க. தீசிஸ் முடியறதுக்குள்ள ஒரு தடவ முயற்சி பண்ணிப் பாருங்க, கெமிஸ்ட்ரியே தெரியாத ஒருத்தருக்கு.

வேதிமாணவி:
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா, எல்லாருக்கும். தீத்தடுப்பு கெமிக்கல் விஷயம் சத்தியமா எனக்குத் தெரியாது, என் மூணாவது சாப்டர் முழுக்க மெஷின் வரைபடத்துல இல்லாத பீக்க (ஒரு கெமிக்கலக் காட்டற மேடு) இருக்குன்னு தப்பா எடுத்துக்கற பிரச்சனை பத்திதான், இதுவரைக்கும் அதை ஒரு குறையாத்தான் நினைச்சிட்டு இருந்தேன். டிஃபன்ஸ் தேதிய முன்னாடி தள்ள முடியுமான்னு நாளைக்கே கைடுகிட்ட கேக்கறேன். அந்த சாப்டர ரெண்டு பக்கமா தமிழ்ல எழுதி ஞாயித்துக்கிழமை அம்மாகிட்ட படிச்சுக் காட்டப்போறேன், அவங்க எங்க நிறுத்திக் கேள்வி கேக்கறாங்கன்னு இங்க வந்து எழுதறேன்.