8 வெற்றி, 67 தோல்வி: வாஷிங்டன் கேப்பிடல்ஸின் முதல் சீசனுக்கு யார் பொறுப்பு?

நீலக்கோடு:
"என்எச்எல் ஐஸ் ஹாக்கி லீக்கில் வேகாஸ் அணி 2017இல் வந்த முதல் சீசனிலேயே ஃபைனல் ஆடியது. 1974இல் வந்த வாஷிங்டன் 80 மேட்சில் 8தான் ஜெயித்தது. நிர்வாகம் சரியில்லை, அவ்வளவுதான்" என்று ஒரு நண்பர் நேற்று சொன்னார். எனக்கு ஒப்பவில்லை. 1967க்கு முன் என்எச்எல்லில் இருந்தது 6 அணிகள். 1974இல் 18. போதாக்குறைக்கு 1972இல் டபிள்யூஎச்ஏ என்ற போட்டி லீக் முளைத்து, சம்பளத்தைக் காட்டி ஆட்களை இழுத்துக்கொண்டது. இருக்கிற மாவுக்குத்தானே தோசை? புது அணிகள் பழைய அணிகளிடமிருந்து ஆட்களைப் பொறுக்கும் டிராஃப்டில், பழைய அணிகள் ஆளுக்கு 15 ஆட்டக்காரர்களையும் 2 கோல் கீப்பர்களையும் பூட்டி வைத்துக்கொள்ள அனுமதி இருந்தது. ஒரு மேட்சுக்கு ஓர் அணி இறக்குவதே கிட்டத்தட்ட அத்தனை பேரைத்தான். அதாவது, பெஞ்சில்கூட உட்கார வைக்காதவர்களைத்தான் புது அணிக்குக் கொடுத்தார்கள்.

பக்குப்பைத்தியம்:
சரி, அதே வருடம், அதே டிராஃப்டில், அதே மிச்சம் மீதியை வைத்து கன்சாஸ் சிட்டி ஸ்கவுட்ஸும் வந்ததே? அவர்கள் 41 பாயிண்ட். வாஷிங்டன் 21. மாவு ஒன்றுதான், தோசை ஏன் இப்படிக் கருகியது?

வாங்கிய கோல் 446, போட்டது 181. ஒரே சீசனில் மூன்று கோச்: ஜிம் ஆண்டர்சன், ரெட் சல்லிவன், கடைசியில் ஜெனரல் மேனேஜர் மில்ட் ஷ்மிட்டே வந்து நின்றார். பந்தி நடக்கும்போது சமையல்காரரை மாற்றினால் சாம்பாரில் உப்பு இருக்குமா? அந்த வருடம் இளம் ஆட்டக்காரர்களை எடுக்கும் தனி டிராஃப்டின் முதல் தேர்வும் வாஷிங்டனுக்குத்தான். எடுத்தது கிரெக் ஜோலியை. அதே டிராஃப்டில் நியூயார்க் ஐலண்டர்ஸ் 22ஆவதாக எடுத்தது, பின்னாளில் பெரிய நட்சத்திரமான பிரையன் ட்ராட்டியரை!

நீலக்கோடு:
ட்ராட்டியரை வாஷிங்டன் மட்டுமா விட்டது? 22ஆவது வரைக்கும் அத்தனை அணியும்தான் விட்டது. நடந்து முடிந்த பிறகு எல்லோரும் ஜோசியர்தான்.

கன்சாஸைப் பெரிதாகச் சொல்கிறீர்கள். அவர்களுடைய அடுத்த சீசனைப் பாருங்கள். கடைசி 44 மேட்சில் ஒரே ஒரு வெற்றி. 1976இல் மூட்டை கட்டி டென்வர், 1982இல் அங்கிருந்து நியூஜெர்சி. அந்த 41 பாயிண்டை வைத்து என்ன சாதித்தார்கள்?

பக்குப்பைத்தியம்:
கன்சாஸ் ஊரைவிட்டுப் போனது கடனாலும் கூட்டம் வராததாலும். கேள்வி முதல் சீசன். பேச்சை மாற்றாதீர்கள்.

ஒட்டாவா மாமா:
தம்பிகளா, நடுவில் ஒரு வார்த்தை. அந்த வாஷிங்டன் ஆட்டக்காரர்களுக்கு வெள்ளைக் காற்சட்டை கொடுத்திருந்தார்கள். வியர்வையில் நனைந்ததும் உள்ளே இருப்பதெல்லாம் தெரிய ஆரம்பித்தது, மாற்ற வேண்டியதாயிற்று. ஜெயிக்காதவனுக்கு மானமும் போனால் எப்படி இருக்கும்!

வெளியூரில் தொடர்ந்து 37 தோல்வி. 1975 மார்ச் 28 அன்று ஓக்லாந்தில் கலிஃபோர்னியா கோல்டன் சீல்ஸை 5-3 என்று ஜெயித்தார்கள். அந்த சீசனில் வெளியூரில் அவர்கள் ஜெயித்தது அது ஒன்றுதான். டிரெஸ்ஸிங் ரூம் குப்பைத்தொட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, ஏதோ லீக் சாம்பியனுக்குத் தரும் ஸ்டான்லி கோப்பை மாதிரி பனியில் சுற்றி வந்தார்கள். எனக்கு அந்த அணியில் மிகவும் பிடித்த காட்சி இதுதான்.

எங்கள் ஊர் கதையும் லேசானதில்லை. ஒட்டாவா செனட்டர்ஸ் 5 கோடி டாலர் கட்டி 1992இல் உள்ளே வந்தது. முதல் மேட்சில் மான்ட்ரியலையே ஜெயித்தோம், தெருவெல்லாம் கொண்டாட்டம். பிறகு சீசன் முடிவில் 10 வெற்றி, 70 தோல்வி. டிராஃப்ட் அன்று மேசையில் லேப்டாப் செத்துப்போய், எடுக்கவே முடியாத ஆட்களின் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார்கள். அதற்கும் லீக் விதிதான் காரணமா, நீலக்கோடு?

நீலக்கோடு:
லேப்டாப்புக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை மாமா. ஆனால் விலையைப் பாருங்கள். 1974இல் நுழைவுக் கட்டணம் 60 லட்சம் டாலர். வேகாஸ் கட்டியது 50 கோடி. அவ்வளவு வாங்கிக்கொண்டு எலும்பைப் போட முடியுமா? ஓர் அணி 11 பேரைத்தான் காப்பாற்றலாம், அல்லது 9 பேரை, என்று விதியைத் தளர்த்தினார்கள். அதனால்தான் ஃப்ளூரி மாதிரி கோப்பை ஜெயித்த கோல் கீப்பர் கிடைத்தார். வேகாஸின் முதல் சீசன் 109 பாயிண்ட் விதி போட்ட பிச்சை.

பக்குப்பைத்தியம்:
அடுத்து வந்த சியாட்டில் 65 கோடி கட்டியது. அதே விதி, அதே சலுகை. முதல் சீசனான 2021-22இல் 60 பாயிண்ட். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நீலக்கோடு:
வேகாஸிடம் ஏமாந்த மற்ற அணிகள் சியாட்டிலிடம் உஷாராகிவிட்டன.

பக்குப்பைத்தியம்:
உஷாரானவர்களிடமும் பேரம் பேசத் தெரிந்தவர்தானே ஜெனரல் மேனேஜர்? இதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன். வாஷிங்டன் டிஃபென்ஸ் முழுக்கக் குப்பை, அதை யார் சேர்த்தது? பில் மிக்கெல்சன் 59 மேட்சில் மைனஸ் 82, அதாவது அவர் ஆடிக்கொண்டிருந்தபோது அணி போட்ட கோலைவிட வாங்கியது 82 அதிகம் என்ற கணக்கு. இன்றுவரை அதுதான் லீக்கின் மோசமான கணக்கு.

ஒட்டாவா மாமா:
மிக்கெல்சனை விட்டுவிடு ராசா. அவர் 1972இல் புதிதாக வந்த ஐலண்டர்ஸிலும் முதல் சீசன் ஆடியவர், பாவம், இரண்டு வீட்டுக்கும் அஸ்திவாரக் கல். அவர் மகள் மீகன் கனடா பெண்கள் அணியில் ஆடி 2010லும் 2014லும் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். அந்த வீட்டுக்குக் குப்பைத்தொட்டி தேவைப்படவில்லை.

நீலக்கோடு:
மாமா என் பக்கமா, அவர் பக்கமா?

ஒட்டாவா மாமா:
நான் சனிக்கிழமை ராத்திரி மேட்ச் பக்கம்.