ஃப்ரீ ஃப்ளோ: தமிழில் என்ன சொல்ல?

தரங்கம்பாடியிலிருந்து:
குளிர்ந்த நன்னீரில் கப்பல் பார்க்க மூழ்குவோருக்கான குறிப்பைத் தமிழாக்கும் வேலை ‘ஃப்ரீ ஃப்ளோ’ என்ற சொல்லில் முட்டி நிற்கிறது. ரெகுலேட்டரிலிருந்து, அதாவது சிலிண்டர் காற்றை மூச்சுக்கேற்ற அழுத்தத்துக்குக் குறைத்துத் தரும் கருவியிலிருந்து, காற்று நிற்காமல் பீறிடுவதுதான் அது. ஹ்யூரான் ஏரியில் 1875இல் மூழ்கிய கார்னீலியா பி. விண்டியேட் இன்றும் பாய்மரத்தோடு நிற்கிறது. மரத்தைத் துளைக்கும் கடற்புழு அந்த ஏரியில் கிடையாது, குளிரில் மரம் மக்குவதும் மெதுவே. ஆனால் கப்பலைக் காக்கும் அதே குளிர்தான் ரெகுலேட்டருக்கு எமன். ‘கட்டற்ற ஓட்டம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.

மயிலாடுதுறையிலிருந்து:
‘கட்டற்ற’ என்றாலே மென்பொருள் ஞாபகம்தான் வரும், ஐயா. நடப்பதைப் பார்ப்போம். சிலிண்டரின் 200 பார் அழுத்தக் காற்றை, ரெகுலேட்டரில் சிலிண்டரோடு பொருந்தும் பகுதியான முதல் நிலை, சுற்றழுத்தத்தைவிடச் சுமார் 10 பார் கூடுதலாக இருக்கும்படி குறைக்கிறது. விரியும் காற்று உலோகத்தை உறைநிலைக்குக் கீழே இழுத்துவிடும். சுற்றியுள்ள 4 டிகிரி நீர் சுருள்வில்லில் பனியாகப் பிடிக்க, வால்வு மூடாது. இரண்டு நிலைகளுக்கும் இடையிலுள்ள அழுத்தம் ஏறிக்கொண்டே போய் வாயிலுள்ள இரண்டாம் நிலையைத் தள்ளித் திறக்கும். ‘உறைபாய்வு’ எப்படி?

பூம்புகாரிலிருந்து:
பொருந்தாது. பனியே இல்லாமலும் இது வரும். நீர்மட்டத்தில் வாய்ப்பகுதி மேல்நோக்கிக் கிடந்தால் பீறிடும். கவிழ்த்து விரலால் பொத்தினால் நின்றுவிடும். காரணத்தைச் சொல்லில் ஏற்றாமல் விளைவைச் சொல்வோம்: ‘அடங்காப் பாய்வு’. தவிர, நம் பக்கம் உறை என்றால் கிணற்று உறை. இங்குள்ள வெதுவெதுப்பான கடலில் பனி பிடிக்க வழியில்லை, சொல்லும் பிறக்கவில்லை.

மயிலாடுதுறையிலிருந்து:
ஏற்கிறேன். அப்படியே முதல் நிலைக்குத் ‘தலைமடை’, இரண்டாம் நிலைக்குக் ‘கடைமடை’ என்று வைத்தால் டெல்டாக்காரருக்கு விளக்கமே வேண்டாம்.

பூம்புகாரிலிருந்து:
கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது என்பது ஊரறிந்த புலம்பல். மூச்சு விடுகிற பாகத்துக்கு அந்தப் பெயரா? ‘வாய்மடை’ என்போம்.

தரங்கம்பாடியிலிருந்து:
சொற்களைக் குறிப்பில் போட்டுப் பார்த்தேன்:

“இறங்குமுன் குளிர்காற்றில் வாய்மடை வழியே மூச்சிழுக்காதீர், மூச்சின் ஈரம் உள்ளேயே உறையும். காற்றைக் கையால் திறந்துவிடும் பர்ஜ் பொத்தானை அழுத்திச் சோதிக்க வேண்டாம். மூச்சிழுக்கும்போதே மிதவைச் சட்டைக்கும் காற்று விடாதீர். தலைமடை ஒரே நேரத்தில் இரண்டுக்கும் கொடுத்தால் வேகமாகக் குளிரும். அடங்காப் பாய்வு வந்தால், தனித் தலைமடை கொண்ட மாற்று வாய்மடைக்கு மாறுங்கள். பழுதானதன் வால்வைத் துணைவர் மூடட்டும். பாய்வு நின்றபின் சுற்றியுள்ள நீரே பனியை உருக்கிவிடும். ஆனாலும் அன்றைய மூழ்கல் அத்தோடு முடிந்தது.”

மயிலாடுதுறையிலிருந்து:
மாற்று இல்லாதவருக்கும் ஒரு வரி வேண்டும்: வாய்மடையைக் கவ்வி அடைக்காமல், உதட்டோரம் தளர்த்தி மிச்சக்காற்றை வெளியே விட்டபடி மூச்சிழுத்து, நிதானமாக மேலேற வேண்டும். இன்னொன்று, ‘பாய்ச்சல்’ என்று யாரும் திருத்திவிடாதீர்கள். பாய்ச்சுவது நாமாகச் செய்வது. இது தானாகப் பாய்வது.

பூம்புகாரிலிருந்து:
சரி. அடுத்து இரட்டைச் சிலிண்டரின் நடுவில், ஒன்றிலிருந்து மற்றதைத் துண்டிக்கும் ஐசோலேட்டர் வால்வு. ‘நடுமதகு’ என்று தொடங்கி வைக்கிறேன்.