மாற்று பட்ஜெட்: கணக்குத் தெரிந்தவர்கள் கை கொடுங்கள்

எங்கள் நகராட்சியில் எதிர்க்கட்சி கவுன்சிலர்கள் இந்த முறை வெளிநடப்போடு நிற்காமல் மாற்று பட்ஜெட் ஒன்றை மன்றத்தில் வைக்கப் போகிறார்கள். வரவு செலவுக் கணக்கை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

அலங்கார வளைவுக்கு ஒதுக்கும் பணத்தை ஊருக்குள் ஓடும் வாய்க்கால்களுக்குத் திருப்ப வேண்டும் என்பதுதான் அவர்கள் சொல்வதில் முக்கியமானது. நியாயம்தான். கடைத்தெரு வாய்க்காலில் ஆகாயத்தாமரைமேல் தெர்மாகோல் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் அதற்குள் தூர்வாரி முடித்திருக்க வேண்டும்.

பணத்துக்கு எங்கே போவது? உள்ளாட்சிகளுக்கு மத்திய அரசு வழியாக வந்த 2021-26க்கான 15-வது நிதிக் குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே கட்டிப்போட்டது. சொத்து வரியை ஏற்றச் சொல்ல இவர்களுக்கு வாய் வராது. 2022 உயர்வை எதிர்த்து ஊர்வலம் போனவர்கள் ஆச்சே! மிச்சம் இருப்பது கடை வாடகை பாக்கி வசூல்தான்.

தூர்வாரும் செலவைச் சுகாதார மானியத்தில் காட்டலாமா? வாய்க்கால் நீர்வளத்துறை கணக்கில் இருந்தால் நகராட்சி அதில் கை வைக்க முடியுமா? அப்புறம், வாடகை பாக்கிப் பட்டியலை எப்படி வாங்குவது? தகவல் உரிமை மனுவுக்கு 30 நாள் ஆகும், கூட்டம் அதற்கு முன்பே வந்துவிடும். மன்னார்குடி, நாகை, கும்பகோணம் பக்கம் யாராவது மாற்று பட்ஜெட் போட்டிருந்தால் அதன் நகலைக் கொடுங்கள். எந்தக் கட்சியாக இருந்தாலும் பரவாயில்லை.